பெயர் உண்டு, ஆள் எண்ணிக்கை இல்லை

ஈரான் நாட்டு 2006 மக்கள்தொகைப் பட்டியலை இன்று புரட்டும்போது ஒரு வரியில் கண் நின்றது. கிராமத்தின் பெயர் இருக்கிறது. மக்கள்தொகைக் கட்டம் வெறுமை.

ஓரிரு வீடுகளே மிஞ்சிய ஊர்களுக்கு எண் போடுவதில்லை. அப்படிப் பல வரிகள்.

பெயரின் வாலில் 'ஆபாத்'. நம் ஹைதராபாத்தில் இருப்பதே. மக்கள் குடியேறிச் செழித்த இடம் என்று பொருள்.

வறண்ட பீடபூமியில் அந்தச் செழிப்பு கனாத் எனும் நிலத்தடி வாய்க்காலால் வந்தது. மலையடிவாரத்தில், நிலத்தடி நீரைத் தொடும் தாய்க்கிணறு. அதிலிருந்து லேசான சரிவில் சுரங்கவாய்க்கால். மண்ணை மேலே இழுக்கவும் காற்றுக்கும் வழிநெடுக குழிகள். தண்ணீர் வெளிச்சத்துக்கு வரும் இடத்தை ஒட்டியே ஊர்.

சரிவு கூடினால் நீர் தரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் தேங்கும். இளகிய மண்ணில் கூரை சரியாமலிருக்கச் சுட்ட களிமண் வளையங்களை உள்ளே நிறுத்துவார்கள்.

முறைப்பாசனத்துக்கு அளவு, அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணம். நீரில் மிதந்து, நிரம்பி, மூழ்கினால் ஒரு பங்கு முடிந்தது. நம் நாழிகை வட்டிலேதான்!

ஈரானின் குனாபாத் ஊரிலுள்ள கனாத்தின் தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் ஆழம். கையால் தோண்டியது. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 11 கனாத்துகளில் அதுவும் ஒன்று.

பிறகு மோட்டார் போட்ட ஆழ்கிணறுகள் வந்தன. நிலத்தடி நீர் இறங்கியதும் தாய்க்கிணறு வற்றியது. நீர் மிச்சமிருந்த இடத்திலும் தூர்வார ஆளில்லை, இளைஞர்கள் நகரத்தில்.

1956இல் ஈரானியரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிராமத்தார். 2016இல் நாலில் ஒரு பங்குதான்.

அந்த வெறும் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. நிலத்தின் ஆழத்தில், விளக்கு வெளிச்சத்தில், மண் வெட்டியவர்கள் கட்டிய ஊர்கள் அவை.