முகாம் முடிந்த பிறகு யார் பொறுப்பு?

புற்றுநோய்த் தடுப்பில் அரசும் தன்னார்வ நிறுவனங்களும் கைகோக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்குத் திண்டுக்கல் மாவட்டம்தான் நினைவுக்கு வரும். 2000-ஆம் ஆண்டில், அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக நல மையமும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து அம்மாவட்டத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறித்த பெரும் ஆய்வைத் தொடங்கின. 114 கிராமத் தொகுதிகளில் பாதியில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். மறுபாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது.

பரிசோதனை மிக எளியது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் பஞ்சால் தடவி, சற்றுப் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார். புற்றுநோயாக மாறத் தொடங்கிய திசு வெள்ளைத் திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்த்து, திசு மாதிரி எடுத்து, பொருத்தமானவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையையும் அதே வருகையில் முடித்தார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண்ணை "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவது அரிது என்பதால், இந்த ஏற்பாட்டைத்தான் அக்கூட்டு முயற்சியின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன்.

2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால் நோய் ஏற்படுவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று சங்கங்களும் நிறுவனங்களும் நடத்தும் முகாம்கள் பலவற்றில் பரிசோதனை நடக்கிறது, பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டும் எழுதித் தரப்படுகிறது. அந்தச் சீட்டோடு அந்தப் பெண் எங்கே போனார் என்று கேட்க ஆளில்லை. 2030-க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்பது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. மூன்றாவதை விட்டுவிட்டு இரண்டாவதைக் கொண்டாடுவது, பயந்துபோன பெண்ணை நடுவழியில் விடுவதாகும். ஆகவே முகாமுக்குத் தேதி குறிக்கும் முன்பே, எந்த மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும், யார் தொலைபேசியில் அழைப்பார், பேருந்துச் செலவை யார் தருவார் என்பவற்றைக் கூட்டாளிகள் எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். அது முடியாதவர்கள், முடிந்தவர்களோடு சேர்ந்து நடத்தட்டும்.