வலி வந்ததும் பிள்ளை வந்துவிடாது

முதல் பிரசவம் என்றால் நேரம் எடுக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் எவ்வளவு நேரம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்த இரவு முழுக்கத் தூக்கமே இல்லை, காலையில் பார்த்தால் கர்ப்பப்பை வாய் 3 செ.மீ. தான் திறந்திருக்கிறது என்கிறார்கள், 10 வரை போக வேண்டுமாம். அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் நர்ஸ் அக்கா ஒருவர் உட்கார்ந்து விளக்கினார். 5 செ.மீ. வரைக்கும் உடம்பு தயாராகிற கட்டம், அதற்கு இவ்வளவு நேரம்தான் என்று கணக்கே கிடையாது, அதற்குப் பிறகும் முதல் பிள்ளைக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது (பின்னால் தேடிப் படித்தேன்). இதை யாராவது எட்டாம் மாதமே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

எனக்கு வலி வயிற்றில் இல்லை, இடுப்பில், முதுகெலும்பைப் பிளப்பதுபோல. குழந்தையின் பின்மண்டை என் முதுகுப் பக்கம் திரும்பியிருந்ததாம், அப்படி இருந்தால் பிரசவம் இழுத்துக்கொண்டே போகும். கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அப்புறம் கர்ப்பப்பையை நன்றாகச் சுருங்க வைக்கிற ஆக்ஸிடோசின் மருந்து டிரிப், அதோடு வலி இன்னும் ஏற, கடைசியில் எபிடியூரல் (முதுகில் மருந்து செலுத்தி வலியை மரத்துப்போக வைப்பது) கேட்டு வாங்கிக்கொண்டேன். "வலியைத் தாங்கினால்தான் தாய்" என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவைக் கடந்து போய்விடுங்கள்.

முக்கி முக்கிக் கண் இருண்டு, கடைசியில் பிள்ளையின் தலையில் உறிஞ்சு கிண்ணம் (வாக்குவம்) வைத்து இழுத்துத்தான் எடுத்தார்கள். பிள்ளையின் தலை கொஞ்சம் வீங்கியிருந்தது, சில நாளில் வற்றிவிட்டது. இருவரும் நலம். தையல்தான் இன்னும் உட்கார விடவில்லை. வாழ்த்து சொன்ன எல்லோருக்கும் நன்றி, போன் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.