மார்கழிச் செலவும் வன்னிக்குப் போகும் பணமும்

பிரித்தானியாவில் நத்தார் (கிறிஸ்மஸ்) செலவைக் குறைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைகளின் விலைக்கழிவுகளைப் பற்றியே பேசுகிறார்கள். வன்னியிலிருந்து வந்து இங்கே குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தப் பேச்சு அரைவாசிதான் பொருந்தும், ஏனென்றால் எங்கள் நத்தார் இரண்டு வீடுகளில் நடக்கிறது. ஒன்று லண்டனில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு. மற்றது முல்லைத்தீவுக் கரையில் அம்மாவும் தம்பி குடும்பமும் இருக்கும் வீடு. இரண்டுக்கும் ஒரே சம்பளத்திலிருந்துதான் பணம் எடுக்க வேண்டும். ஊருக்குரிய தொகையை முதலில் ஒதுக்கி, அதை ஊரின் பருவமறிந்து அனுப்பிவிட்டு, எஞ்சியதைக் கொண்டே இங்குள்ள பண்டிகையை நடத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதைத் தலைகீழாகச் செய்கிற குடும்பங்கள் தை மாதம் முழுவதும் கடனில் கிடப்பதை நான் கண்டு வருகிறேன். (எங்கள் பேச்சு வழக்கில் மார்கழி என்றால் டிசம்பர், தை என்றால் ஜனவரி; மற்ற மாதங்களும் அப்படியே.)

வன்னியில் மார்கழி எப்படிப்பட்ட மாதம் என்பதை வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். வாடைக் காற்றில் கடல் கொந்தளிப்பதால் முல்லைத்தீவுக் கரையில் பல நாட்களுக்குத் தொழிலுக்கு இறங்க முடியாது. வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து வைத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். வயல் செய்கிறவர்களுக்கும் அது வரவில்லாத மாதமே. காலபோக நெல் அப்போது குடலைப் பருவத்திலோ கதிர் தள்ளும் நிலையிலோ நிற்கும். விதைப்புக்கும் பசளைக்கும் களைநாசினிக்கும் காசு போய்விட்டிருக்கும். அறுவடையோ தை பிற்பகுதிக்குப் பின்னர்தான் தொடங்கும். அதற்கு மேல் மழை. 2018 மார்கழி 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெய்த பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நத்தாரைப் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் கழித்தன. வரவு அற்றுப்போகும் மாதத்தில் பண்டிகை வருகிறபடியால், அந்த மாதத்தில்தான் கடைக் கொப்பியில் கணக்கு ஏறுகிறது, நுண்நிதிக் கடன் கொடுப்பவர்களின் வாசலுக்கும் பெண்கள் போகிறார்கள். போருக்குப் பின் வன்னியில் பரவிய, கிழமைதோறும் தவணை கட்டும் அந்தக் கடன்கள் எத்தனை வீடுகளைக் குலைத்தன என்பதற்கு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய முன்வந்தது போதுமான சான்று.

எங்கள் அம்மா கடன் வாங்காமல் நத்தார் கொண்டாடியவர். சோளகக் காலத்தில், கடல் அமைதியாகி மீன் படுகிற மாதங்களில், ஐயா கொண்டு வரும் காசில் ஒரு பங்கு காசு சேர்க்கும் முட்டிக்குள் போய்விடும். அந்த முட்டியை மார்கழி பிறக்கும்வரை யாரும் தொடக்கூடாது. ஆடியிலேயே இரண்டு சேவல்கள் நத்தாருக்கென்று விடப்படும். பயறும் அரிசியும் மலிவாக இருக்கும்போதே வாங்கிக் காயவைத்துத் தகரத்தில் அடைத்துவிடுவார். பிள்ளைகளின் புதுச் சட்டைக்கான துணி ஒருபோதும் மார்கழியில் வாங்கப்பட்டதில்லை. இந்த நாட்டில் எந்த ஆலோசகரும் எனக்கு இதைவிடச் சிறந்த முறையைச் சொல்லித் தரவில்லை.

நாங்கள் இங்கே கண்ட முதல் நத்தார் 2016இல், வட இங்கிலாந்தில், புகலிடம் கோரியவர்களுக்கென ஒதுக்கப்பட்ட வீட்டில் வந்தது. ஒருவருக்குக் கிழமைக்கு 36.95 பவுண் வீதம், கணவருக்கும் எனக்கும் மகளுக்குமாக 110.85 பவுண் கிடைத்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. அந்தப் பணத்தில் குளிருக்குரிய சப்பாத்தும் வாங்க வேண்டும், பேருந்துக்கும் கொடுக்க வேண்டும், பண்டிகையும் நடத்த வேண்டும். ஐப்பசி தொடங்கிக் கிழமைக்கு இரண்டு பவுணாக ஒதுக்கி, மகளுக்கு, பாவித்த பொருட்களை விற்கும் அறநிறுவனக் கடையொன்றில் நல்ல மேலங்கி வாங்கினோம். அறநிறுவனக் கடைகளில் பொருள் வாங்குவதை எங்கள் ஆட்கள் சிலர் குறைவாக நினைக்கிறார்கள்; அதில் குறைவாக நினைக்க எதுவுமே இல்லை, வாங்குகிற பணமும் ஒரு நல்ல காரியத்துக்குப் போகிறது.

விசா கிடைத்து, லண்டனுக்கு வந்து, இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சிக்கல் எது என்பது விளங்கியது. பல நிறுவனங்கள் மார்கழிச் சம்பளத்தை நத்தாருக்கு முன்பாகவே, 20ஆம் திகதியை ஒட்டிக் கொடுத்துவிடுகின்றன. அடுத்த சம்பளமோ தை மாதக் கடைசியில்தான் வரும். நாலு கிழமைக்குரிய பணம் ஐந்து, சில வேளைகளில் ஆறு கிழமைக்கு நின்றுபிடிக்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் செலவு உச்சத்தில் இருப்பதும் அந்த நாட்களில்தான். கையில் காசு முன்கூட்டியே வந்திருப்பதால் அது மேலதிக வரவு போலத் தோன்றும். கடனட்டையும், இப்போது வாங்கிப் பின்னர் தவணையில் செலுத்தும் ஏற்பாடுகளும் அந்தத் தோற்றத்தை இன்னும் பெரிதாக்கும். ஆகவே மார்கழிச் சம்பளம் வந்த அன்றே தை மாத வாடகையையும் மின்சார, எரிவாயுக் கட்டணங்களையும் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மிகுதியைப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

சேமிப்பைத் தொடங்க இந்த நாட்டில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. உள்ளூராட்சி மன்றத்துக்குக் கட்டும் கவுன்சில் வரியைப் பெரும்பாலானோர் சித்திரை முதல் தை வரை பத்துத் தவணைகளாகக் கட்டுகிறார்கள். மாசியிலும் பங்குனியிலும் தவணை இல்லை. மாதம் 150 பவுண் கட்டுகிற வீட்டில் அந்த இரு மாதங்களிலும் 300 பவுண் மிஞ்சும். அதைக் கண்ணில் படாத ஒரு கணக்குக்கு உடனே மாற்றிவிட்டால் அடுத்த நத்தாருக்கான முதல் பணம் வசந்தம் வருமுன்னரே சேர்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஊருக்குப் போகிற பணத்தின் அடித்தளம் இதுவே.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சமூகத்தில் சேமிப்பு என்றால் பலருக்கு அதுதான். பத்துப் பேர் மாதம் 200 பவுண் போட்டு, முறை வைத்து 2,000 பவுண் எடுப்பது நல்ல ஒழுக்கத்தைத் தருகிறது. மாதம் பிறந்தால் சீட்டை நடத்தும் தாய்ச்சி தொலைபேசி எடுப்பார் என்ற எண்ணமே பணத்தை ஒதுக்க வைக்கும். ஆனால் கழிவுச் சீட்டில், அதாவது கூடுதலான தொகையைக் கழிவாக விட்டுக்கொடுப்பவருக்கு அந்த மாதப் பணம் போகிற சீட்டில், நத்தாருக்குப் பணம் எடுப்பதை நான் ஏற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவைப்படும்போது கழிவு ஏறும், அவசரப்படுகிறவர் தன் பணத்தையே விட்டுக்கொடுத்து எடுப்பார். சீட்டு முறிந்தால் சட்டத்தைப் பிடித்துப் பணத்தை மீட்பதும் எளிதல்ல. வெள்ளையர்களின் சேமிப்புக் குழுக்களுக்கும் இந்த ஆபத்து இருந்தது: 2006 ஐப்பசியில் ஃபேர்பாக் என்ற நத்தார்ச் சேமிப்பு நிறுவனம் முறிந்தபோது, ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டி வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம், ஏறத்தாழ 37 மில்லியன் பவுண், பண்டிகைக்குச் சில கிழமைகள் இருக்கையில் முடங்கிப்போனது. வங்கியிலும் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கடன் சங்கங்களிலும் போடும் வைப்புக்கு நிதிச் சேவைகள் இழப்பீட்டுத் திட்டத்தின் பாதுகாப்பு உண்டு. இத்தகைய குழுக்களில் கட்டும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சில கடன் சங்கங்கள் கார்த்திகை வரை எடுக்க முடியாத நத்தார்க் கணக்குகளை வைத்திருக்கின்றன. அம்மாவின் முட்டிக்கு இங்கே ஈடு அதுதான்.

சமையலறைச் செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிச் கேக்குக்குரிய முந்திரிகை வற்றல், செரி, இஞ்சிப் பாகு ஆகியவற்றை ஆவணி முதல் ஒவ்வொன்றாக வாங்குகிறேன். எப்படியும் நறுக்கப் போகிற கஜுவை முழுதாக வாங்கத் தேவையில்லை, உடைந்த கஜு போதும். பயற்றம் பணியாரத்துக்கு மாப் பக்கற் வாங்காமல் பயறை வறுத்து அரைத்தால் மணமும் கூடும், செலவும் குறையும். நத்தார்க் கிழமையில் பெரிய கடைகள் போட்டியிட்டுக் கரட்டையும் உருளைக்கிழங்கையும் சில்லறைக் காசுக்கு விற்கும். அப்போது நிறைய வாங்கி வைக்கலாம். வாழ்த்து மடல், பொதிசுற்றும் தாள், மின்விளக்குச் சரம் ஆகியவை பண்டிகை முடிந்த பின் பாதி விலைக்கு வரும். அடுத்த ஆண்டுக்கு அப்போதே எடுத்து வைத்தால் கெடப்போவதில்லை. பாலன் குடிலை வீட்டிலேயே கட்டுகிறோம். 25ஆம் திகதி லண்டனில் பேருந்தும் தொடருந்தும் ஓடாதபடியால், நடந்து போகக்கூடிய ஆலயத்தில் திருப்பலி கண்டு, நடந்து வரக்கூடிய உறவுகளையே மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறோம். பெரியவர்களுக்குள் பரிசு கொடுப்பதைப் பெயர் குலுக்கி ஒருவருக்கு ஒன்று என்று மாற்றிவிட்டோம். பத்துப் பவுணுக்கு மேல் போகக்கூடாது. பிள்ளைகளை அதில் சேர்ப்பதில்லை, அவர்களுக்கு அவர்கள் விரும்பும் ஒரு பொருள் கிடைக்கத்தான் வேண்டும்.

மறுநாள் 26ஆம் திகதி கடைகளில் மலிவு விற்பனைக்குக் கூட்டம் அலைமோதும். எங்கள் வீட்டில் அன்று யாரும் கடைக்குப் போவதில்லை. 2004ஆம் ஆண்டு அந்த ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை முல்லைத்தீவை அழித்தது. எங்கள் கரையில் ஆட்களை இழக்காத வீடு குறைவு. வேண்டிய பொருள் இருந்தால் 27ஆம் திகதியும் அதே விலைதான் இருக்கும்.

ஊருக்குப் பணம் அனுப்புவதை இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறேன். கேட்கும்போதெல்லாம் ஐம்பது ஐம்பதாக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் கட்டணமும் நாணயமாற்று இழப்பும் சேர்ந்து ஒரு நல்ல தொகையைத் தின்றுவிடும். முதற் பகுதி ஐப்பசியில், பசளைக்கும் மழைக்கு முன் கூரையைத் திருத்துவதற்கும் போகிறது. இரண்டாவது கார்த்திகை நடுவில், பண்டிகைக்கும், தொழில் இல்லாத கிழமைகளின் அரிசிக்கும் மாவுக்கும். மார்கழி 23ஆம் திகதி போய்ச் சேருகிற பணத்தால் அம்மாவுக்குப் பயனில்லை, அதற்குள் கடைக்காரனிடம் கொப்பி நிறைந்திருக்கும், விலைகளும் ஏறியிருக்கும். இந்த ஆண்டு மாசி, பங்குனிப் பணம் கணக்கில் விழுந்துவிட்டது. புது வலைக்குக் காசு வேண்டும் என்று தம்பி கேட்கிறான். நத்தார்ப் பணத்தில் கைவைக்காமல், வைகாசியில் என் கணவருக்கு மேலதிக வேலை கிடைக்கும்போது வலைக் காசைத் தனியாக அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். சோளகம் தொடங்குகிற நேரத்துக்கு வலை கையில் இருந்தால் அவனுக்கும் போதும்.