நாலரைச் சுற்று

பிப்ரவரி 8, 2022

பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக், ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்: ஜப்பானின் ஹன்யூ எட்டாவது இடம்! ஷார்ட் ப்ரோகிராமின் (முதலில் ஆடும் குறுகிய ஆட்டம்) முதல் ஜம்ப் குவாட் சால்கோ; குவாட் என்றால் காற்றில் நான்கு சுற்று. ஒரே சுற்றோடு இறங்கிவிட்டார். ஷார்ட்டில் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். பனியில் இருந்த பள்ளத்தில் மாட்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னார். ஆனால் மீதியை ஒன்றுமே நடக்காதது போல ஆடினார் பாருங்கள். 95.15.

அமெரிக்காவின் நேதன் சென் 113.97. ஹன்யூவிடம் இருந்த 111.82 என்ற உலக சாதனை போயிற்று. நான் ஹன்யூ கட்சிதான், ஆனாலும் இன்று சென்னில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. 2018 பியாங்சாங் ஒலிம்பிக் ஷார்ட்டில் சொதப்பி 17வது இடத்துக்குப் போனவர் அவர்.

ஒரு குவாட் கூட இல்லாமல் ஜேசன் பிரவுன் 97.00 வாங்கி ஹன்யூவுக்கு மேலே நிற்கிறார். அவர் ஸ்பின்னில் ஒரு நொடி கூட வீணில்லை.

பிப்ரவரி 9

இன்று ஆண்களுக்குப் போட்டி இல்லை. பேச்செல்லாம் ஹன்யூ நாளை முயலப்போகும் குவாட் ஆக்ஸல் பற்றித்தான். மற்ற ஜம்ப்கள் பின்பக்கமாகச் சறுக்கிக் கிளம்புபவை; ஆக்ஸல் மட்டும் முன்னோக்கிப் பாய்ந்து, பின்னோக்கி இறங்கும். அதனால் அரைச் சுற்று கூடுதல். குவாட் என்றால் நாலரை. டிக் பட்டன் 1948இல் டபுள் ஆக்ஸல் போட்டார், வெர்ன் டெய்லர் 1978இல் டிரிபிள். நாலரையைப் போட்டியில் இதுவரை யாரும் இறக்கியதில்லை.

சோச்சி, பியாங்சாங் என்று இரண்டு தங்கம் வைத்திருப்பவருக்கு இது எதற்கு என்கிறார்கள். அந்த இரண்டும் இருப்பதால்தானே!

பிப்ரவரி 10

விழுந்தார்.

ஃப்ரீ ஸ்கேட்டில் (இரண்டாவது, நீண்ட ஆட்டம்) ஹன்யூவின் ஆக்ஸலில் சுற்று கொஞ்சம் குறைவு, அப்புறம் சால்கோவிலும் விழுந்தார். ஆனாலும் மதிப்பெண் தாளில் குவாட் ஆக்ஸல் என்றே எழுதினார்கள். அப்படி எழுதப்பட்டது இதுவே முதல் தடவை. இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தம் 283.21, நான்காவது இடம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆக்ஸலின் அடிப்படை மதிப்பு 12.50. சுற்று குறைந்ததால் 10, விழுந்ததற்குப் பாதி போய் 5, மேலும் 1 கழிவு. மிச்சம் 4. அதற்குப் பதில் டிரிபிள் ஆக்ஸல் அளவு மதிப்புள்ள ஒரு ஜம்பைச் சுத்தமாக இறக்கியிருந்தால் பதினொன்று போல வந்திருக்கும். வெண்கலம் வாங்கிய ஷோமா உனோ 293.00. அதாவது ஆக்ஸலை விட்டுக்கொடுத்திருந்தால் மட்டும் பதக்கம் வந்திருக்காது. சால்கோவும் நின்றிருக்க வேண்டும். “பேராசைப்பட்டுப் பதக்கத்தை இழந்தார்” என்பவர்கள் இந்தத் தாளைப் படிக்கட்டும்.

சென் ஐந்து குவாட், மொத்தம் 332.60, தங்கம். நியாயமான தங்கம். வெள்ளி 18 வயது காகியாமாவுக்கு, 310.05. அவர் ஜம்ப் இறங்கும்போது முழங்கால் மடிவதைப் பார்க்க வேண்டும், சத்தமே வராது. அப்பாவே பயிற்சியாளர், அவரும் 1992, 1994 ஒலிம்பிக்கில் ஆடியவர். பிரவுன் ஆறாவது, இதிலும் குவாட் இல்லை. இந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் இடைவேளைப் பேச்சில்கூட அவர் பெயரை எவரும் எடுக்கவில்லை என்பது எனக்குக் கடுப்பு.

ஜூலை 19

டோக்கியோவில் ஹன்யூ அறிவித்துவிட்டார். இனிப் போட்டி இல்லை, தொழில்முறை நிகழ்ச்சிகள் மட்டும். ஆக்ஸல் முயற்சியை விடப்போவதில்லையாம். சரி.

செப்டம்பர் 15

அமெரிக்காவின் லேக் ப்ளாசிடில் நடந்த போட்டியில் நேற்று அந்நாட்டின் இலியா மாலினின் குவாட் ஆக்ஸலை இறக்கிவிட்டான். சுத்தமாக! வயது 17. அப்பா, அம்மா இருவரும் உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். இன்ஸ்டாகிராமில் தன்னையே “குவாட் காட்” என்று போட்டுக்கொண்டபோது சிரித்தவர்களில் நானும் உண்டு.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். உயரம் அபாரம், காற்றில் உடம்பு கம்பி மாதிரி. ஆனால் ஜம்ப்புக்கும் ஜம்ப்புக்கும் நடுவே பாட்டை அவன் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை. ஹன்யூ ஆக்ஸலுக்குள் நுழைகிற வழியே ஒரு நடனம். இவனுக்கு அது ஓடுபாதை. அக்டோபரில் ஸ்கேட் அமெரிக்கா போட்டியில் ஆடுகிறான். ஃப்ரீ மட்டுமில்லை, ஷார்ட்டையும் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.