எட்டுப் புளியங்கொட்டை

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்து விவசாயிகளை சென்னை மாதவரத்துக்கு வரவழைத்து வரவுசெலவு வகுப்பு நடத்துவதென்றால், கையில் கொடுக்கும் தாளிலிருந்து முதலில் எடுத்தெறிய வேண்டியவை 'நிகர வருமானம்', 'சந்தைப்படுத்துதல்' போன்ற சொற்கள். அவர்கள் கேட்பது, "கட்டுப்படியாகுமா? கையில என்ன நிக்கும்?" தலைப்பாக அதையே போட்டுவிடலாம். ஏக்கர் வரும் இடத்தில் காணியும் வேண்டும். ஒரு காணி 132 சென்ட். இதை விட்டால் பாதி நேரம் மனக்கணக்கிலேயே போய்விடும்.

கணக்கு சொல்லித்தரப் படக்கதையைவிடப் புளியங்கொட்டை நன்றாக எடுபடும். ஒரு கொட்டை 500 ரூபாய். ஏ3 அளவு அட்டைப் பலகையில் ஐந்து கட்டம்: கைவிட்டுப் போன காசு, ஐயா உழைத்த நாள், அம்மா உழைத்த நாள், வட்டி, மிச்சம். ஒரு பலகைக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது. ஆறாவது ஆள் செல்போனை எடுத்துவிடுவார்.

நவரை என்ற நெல் பருவத்தில் ஒரு ஏக்கரில் 40 கிலோ மூட்டை 60 என்று வைத்துக்கொள்வோம். 2025-26இல் சாதா ரக நெல்லுக்குத் தமிழ்நாடு அரசின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதாவது மூட்டைக்கு 1,000. மொத்தம் 60,000, கொட்டை 120. உழவு, விதை, உரம், நடவு, அறுவடை மிஷின் எல்லாம் சேர்த்து 38,000 என்றால் 76 கொட்டை போகும். மீதி 44. "இருபத்திரண்டாயிரம் மிச்சம் சார்" என்று பலகையை மடிக்கப் பார்ப்பார்கள். வகுப்பே அங்கேதான் தொடங்குகிறது.

ஐயாவும் அம்மாவும் தலைக்கு 15 நாள் வயலில் இறங்கியிருந்தால், 500 ரூபாய் கூலிக்கு 30 கொட்டை. "வீட்டு ஆளுக்கு யாராவது கூலி போடுவாங்களா?" என்ற கேள்வி வராத வகுப்பே இல்லை. வாதாடக் கூடாது. அந்த 30 நாளும் மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிருந்தால் என்ன வந்திருக்கும் என்று கேட்டால் போதும். கொட்டையை அவர்களே எடுத்து வைப்பார்கள். அம்மாவுக்குத் தனிக் கட்டம் அச்சடிக்காவிட்டால் அவர் நாட்கள் ஐயா கணக்கில் கரைந்துவிடும், பெரும்பாலும் குறைந்தும்விடும். 30,000 ரூபாய் கடனுக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் ஐந்து மாதம் என்றால் 3,000, ஆறு கொட்டை. மிச்சக் கட்டத்தில் எட்டு நிற்கும். 4,000 ரூபாய்.

அதற்குப் பிறகுதான் அடக்கவிலை. செலவு 38,000, இருவர் உழைப்பு 15,000, வட்டி 3,000 சேர்ந்த 56,000ஐ 60 மூட்டையால் வகுத்தால் 933. செங்குன்றம் மண்டியில் விலை பேசும்போது மனதில் இருக்க வேண்டிய எண் இதுதான். மண்டி விலையை மட்டும் தாளில் அச்சடிக்க வேண்டாம். வெற்றுக் கட்டம் விட்டு, அன்று காலை விசாரித்து எழுதலாம். பழைய விலையைப் பார்த்தால் மற்ற கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

ஈரப்பதத்துக்குத் தனி அட்டை வேண்டும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருந்தால், 17க்குக் காயும்போது மூன்று கிலோ குறையும் என்றே எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் 3.6 கிலோ. உலர்ந்த பொருள் 80 கிலோ மாறுவதில்லை, அதை 0.83ஆல் வகுத்தால் 96.4. இதை அரிசியில் செய்துகாட்ட முயல வேண்டாம், எடுபடாது. தராசும் கரும்பலகையும் போதும்.

அச்சகத்தில்தான் எதிர்பாராத தொல்லை. பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு, இன்று நாம் தட்டச்சும் யூனிகோட் எழுத்து தெரியாது. 'கொட்டை' என்பது 'ெகாட்டை' ஆகி வரும். எழுத்தை வடிவமாக மாற்றிய பிடிஎப் கொடுத்தாலும், பத்துப் பிரதி எடுத்துப் படித்துப் பார்த்த பிறகே மீதியை ஓட்டச் சொல்ல வேண்டும். பளபளக்கும் லேமினேஷன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும், மேட் போதும். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களே அதிகம்.

மாடு வைத்திருப்பவர்கள் மாலைக் கறவைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் ஒரு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். வண்டு துளைத்த கொட்டையைப் பலகையில் வைத்தால், "இது செல்லாத நோட்டா சார்?" என்று கேட்பார்கள்.