இனாமியில் ஒரு டைகோகு தேடி

கனசாவா வரை போகிற நம்மவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து ஷிரகாவாகோவின் புல் வேய்ந்த கூரை வீடுகளைப் பார்க்கப் பேருந்து ஏறிவிடுவார்கள். அந்தப் பக்கத்திலேயே, டோயாமா மாகாணத்தில், இனாமி என்றொரு சிற்றூர் இருக்கிறது. மரச்சிற்பிகளின் ஊர். புல்லட் ரயிலில் ஷின் டகாவோகாவில் இறங்கி உள்ளூர்ப் பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்து அடிக்கடி கிடையாது. திரும்பும் வண்டி எப்போது என்று இறங்கியதுமே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் போனது ஒரு டைகோகு வாங்க. ஜப்பானியர்களின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர். நெல் மூட்டைகள்மேல் ஏறி நிற்பார், தோளில் ஒரு பெரிய பை, கையில் சுத்தியல். அதை ஒரு தட்டு தட்டினால் கேட்டது வரும் என்பது நம்பிக்கை. டோக்கியோ கடைகளில் இந்த எழுவரும் கப்பலில் நெருக்கியடித்து நிற்கும் பொம்மைகள் எக்கச்சக்கம். பாதி பிசின் வார்ப்பு, மரம் என்று விற்பவற்றிலும் பல இயந்திரத்தில் கடைந்தவை. எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு. அது வேண்டாம் என்றுதான் இவ்வளவு தூரம்.

யோகாமாச்சி தெரு, ஸுய்சென்ஜி கோவிலை நோக்கி லேசாக ஏறிப் போகிறது. கல் பாவிய தெரு, இருபுறமும் பட்டறைகள். கடைப் பலகையெல்லாம் மரச்செதுக்கல். அங்கங்கே சுவரிலும் ஜன்னல் ஓரத்திலும் மரப் பூனைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். உளிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. 1996-ல் ஜப்பானின் சுற்றுச்சூழல் துறை, காக்கப்பட வேண்டிய நூறு ஒலிகள் என்று ஒரு பட்டியல் போட்டபோது இந்தச் சத்தத்தையும் சேர்த்தது. சத்தத்தைவிட என்னை நிறுத்தியது வாசனைதான். இங்கே அதிகம் செதுக்குவது கற்பூர மரத்தை. பட்டறை வாசலில் நின்றால் தீபாராதனை முடிந்த சன்னதியில் நிற்பது போல இருக்கிறது.

கோவில் 1390-ல் தொடங்கியது. பலமுறை எரிந்து பலமுறை எழுந்தது. 1762-ல் எரிந்த பிறகு திரும்பக் கட்டுவதற்காகக் கியோட்டோவிலிருந்து மயேகாவா சான்ஷிரோ என்ற சிற்பி வந்தார். அவரிடம் உள்ளூர்த் தச்சர்கள் வேலை கற்றுக்கொண்டதில்தான் இந்த ஊர்க் கலை பிறந்தது. வாயில் கோபுரத்தில் இருக்கும் டிராகன் அவர் செதுக்கியது என்கிறார்கள். 1879-ல் மறுபடி தீப்பிடித்தபோது அந்த டிராகன் இறங்கி வந்து தண்ணீரை உமிழ்ந்து வாயிலைக் காப்பாற்றியதாம். கதை எப்படியோ, வாயில் தப்பித்தது உண்மை.

கோவில் வேலை குறைந்ததும் சிற்பிகள் வீடுகளுக்கு வந்தார்கள். அறைக் கதவுகளுக்கு மேலே பொருத்தும் சித்திரப் பலகைகள்தான் இனாமிக்குப் பெயர் வாங்கித் தந்தவை. இப்போது பாய் விரித்த பழைய பாணி அறைகளே குறைந்துவிட்டதால் அந்த வேலையும் குறைந்துவிட்டது.

ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். சம்மணமிட்ட பெரியவர், முன்னால் வரிசை வரிசையாக உளிகள். ஒரு சிற்பியிடம் இருநூறுக்கு மேல் இருக்குமாம். அவர் கையில் இருந்த டைகோகுவுக்கு உடம்பு முடிந்து முகம் மட்டும் பாக்கி. கீழுதட்டுக்கு அடியில் நகக்கண் அளவு உளியை வைத்து, சுத்தியல் இல்லாமல் உள்ளங்கையால் தள்ளினார். சுருளாக ஒரு சீவல் வந்தது. அந்த ஒரே வெட்டில் மோவாய் இரண்டாக மடிந்து, அதுவரை வெறித்துக்கொண்டிருந்த முகம் சிரிக்கத் தொடங்கியது. அப்புறம் மூட்டையைக் கட்டிய வைக்கோல் கயிற்றுக்குப் போனார். ஒவ்வொரு முறுக்கும் தனி வெட்டு.

இந்தச் சிரித்த முகக்காரர் யார் தெரியுமா? நம் மகாகாலர், சிவனின் உக்கிர வடிவம். எழுவரில் மூவர் இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவர்கள். வீணைக்குப் பதில் பிவா வாசிக்கும் பென்சாய்டென் சரஸ்வதி. கவசம் போட்ட பிஷாமொன்டென் குபேரன். தொந்தி ஹோடெய் ஒரு சீனத் துறவி. நீள மண்டை ஃபுகுரோகுஜுவும் மான் வைத்திருக்கும் ஜுரோஜினும் சீனத்துத் தாவோ மரபினர். மீன் பிடித்த எபிசு ஒருவர்தான் உள்ளூர்க்காரர்.

சுடுகாட்டு மகாகாலர் எப்படி நெல் மூட்டைமேல் ஏறினார்? ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யி ஜிங் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பெரிய மடங்களில் சமையலறைத் தூண் அருகிலோ களஞ்சிய வாசலிலோ இரண்டு மூன்று அடி உயர மரச்சிலை ஒன்று, கையில் பொற்பையோடு, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்குமாம். எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்திருக்கும், பெயர் மகாகாலர், சாப்பாட்டு நேரத்தில் அதற்கும் படைப்பார்கள் என்கிறார். ஆக மரம், பை, சமையலறை மூன்றும் இந்தியாவிலிருந்தே போனவை. ஜப்பானில் அவர் அந்த நாட்டு ஓகுனினுஷி தெய்வத்தோடு கலந்து, மூட்டையும் சுத்தியலும் சேர்த்துக்கொண்டு, முகத்தையும் மாற்றிக்கொண்டார். பழைய வீடுகளில் அடுப்படிப் பக்கம் எபிசுவும் அவரும் ஜோடியாக, புகையேறிக் கறுத்து நிற்பார்கள். இவரைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடையில் பொறுக்கும்போது முதலில் வயிற்றைப் பாருங்கள். மரத்தின் ஆண்டு வளையங்கள் தொப்பையைச் சுற்றி வட்ட வட்டமாக விழுந்திருந்தால், மரத்தை யோசித்து நிறுத்திச் செதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு பின்பக்கம். பையின் மடிப்புகளில் உளித்தடம் தெரிகிறதா, அல்லது எல்லாம் உப்புத்தாள் போட்டு மழுங்கியிருக்கிறதா? வண்ணம் பூசாததே என் தேர்வு. விலை, உண்மையைச் சொன்னால், வலிக்கும். உள்ளங்கை அளவுள்ளதற்கே கொடுத்த பணத்தை வீட்டில் இன்னும் நான் முழுதாகச் சொல்லவில்லை. கடைக்காரப் பாட்டி ஏசி காற்று நேராகப் படக்கூடாது, வெயில் ஆகாது, விரிசல் விடும் என்று சைகையிலேயே புரியவைத்தார்.

அங்கே நிறைய விற்பது டைகோகு அல்ல, கல்வித் தெய்வமான டென்ஜின். டோயாமாவில் மூத்த மகன் பிறந்தால் தாய்வீட்டுச் சீராக டென்ஜின் படமோ சிலையோ கொடுக்கும் வழக்கம் இருக்கிறது.

எங்கள் டைகோகு இப்போது அரிசி டப்பா இருக்கும் தட்டில் நிற்கிறார். வந்த அன்றே அம்மா, "இவருக்கு என்னடா நைவேத்தியம்?" என்றாள். ஜப்பானின் யமகாட்டா மாகாணத்து ஷோனாய் பகுதியில் டிசம்பர் 9-ல் கறுப்பு சோயா போட்ட சோறும், கால் இரண்டாகப் பிரிந்த முள்ளங்கியும் படைப்பார்கள் என்று சொன்னேன்.

"ரெண்டு கால் முள்ளங்கிக்கு மார்க்கெட்டில் சொல்லி வைக்கணும். அதுவரைக்கும் சுண்டல் போதும்."

இப்போதைக்கு வெள்ளிக்கிழமைகளில் அதுதான் நடக்கிறது.