எண்ணெய் கலந்த வெள்ளமும் வீட்டு இன்சூரன்ஸும்: எர்ணாவூர் அனுபவம்

தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்தால் இன்சூரன்ஸில் பணம் தருவார்களா என்று எங்கள் பக்கத்தில் இன்னமும் கேட்கிறார்கள். எங்களுக்குத் தந்தார்கள். ஆனால் விடாமல் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. எர்ணாவூர், எண்ணூர், மணலி, கொடுங்கையூர் என்று தாழ்வான இடங்களில் தரைத்தளத்தில் குடியிருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 3-ஆம் தேதி பிடித்த மழை 4-ஆம் தேதி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரும் பக்கிங்ஹாம் கால்வாய்த் தண்ணீரும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அவ்வளவு தண்ணீருக்கு அந்த வழி எப்படிப் போதும்? தெருவுக்குள் ஏறியது, வாசற்படி தாண்டியது. கூடவே கறுப்பாக எண்ணெயும் மிதந்து வந்தது. அந்த எண்ணெய் விவகாரத்தை, சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது.

நாங்கள் மாடி வீட்டு அக்கா வீட்டில் இருந்தோம். தண்ணீர் வடிந்து கீழே இறங்கி வந்தபோது சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. தார் பூசினது மாதிரி. விரலை வைத்தால் ஒட்டியது, சோப்பு போட்டாலும் விரலை விட்டுப் போகவில்லை. கோட்டுக்குக் கீழே சுவர் முழுக்க வழவழப்பு. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த புடவைகளைப் பிரிக்க முடியவில்லை, ஒரே கட்டியாக வந்தன. பிளைவுட் அலமாரி ஊதிப்போய்க் கதவு திறக்கவில்லை. அரிசி டிரம்மைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அத்தை துடைப்பத்தை எடுத்துவிட்டார். "முதல்ல எல்லாத்தையும் வெளிய போடு, வீடு வீடா இருக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும், "அத்தை, போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். தெருமுனையில் ஆரம்பித்து, வாசல், கூடம், சமையலறை என்று நடந்துகொண்டே வீடியோ எடுத்தேன். கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்து உயரம் தெரிகிற மாதிரி ஒரு படம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்பக்கத்தில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கிற ஸ்டிக்கரைத் துடைத்து அதையும் படம் எடுத்தேன். அழுகியதைக் கணக்கெழுதிவிட்டுக் கொட்டினோம். மற்றதை மொட்டைமாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். மாநகராட்சி லாரி வந்து தெருக்குப்பையை அள்ளியபோது எங்கள் மூட்டை எதுவும் அதில் போகாமல் பார்த்துக்கொண்டேன். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்புகிற சர்வேயர் கண்ணால் பார்க்காத பொருளுக்குப் பணம் கேட்பது கடினம்.

இன்னொரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். நனைந்த ஃபிரிட்ஜையோ மிக்ஸியையோ, ஓடுகிறதா பார்க்கலாம் என்று யாரையும் பிளக் போட விடவில்லை. ஷாக் அடிக்கும் என்பது முதல் பயம். பாலிசியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஷார்ட் சர்க்யூட்டில் தானாகக் கெட்டுப்போன மின்சாதனத்துக்கு இழப்பீடு கிடையாது என்று ஒரு விலக்கு. வெள்ளத்தில் மூழ்கிய ஃபிரிட்ஜுக்கு உண்டு, அதையே ஈரத்தோடு ஓட்டிப்பார்த்துக் கருகவிட்டால் வீணாக வாதம் பண்ண வேண்டிவரும்.

எங்கள் பாலிசி பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஆயுள் காப்பீடு அல்லாத) நிறுவனங்களும் விற்கிற, ஒரே மாதிரி விதிகள் கொண்ட வீட்டுப் பாலிசி அது. புயல், வெள்ளம் உண்டு. தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடித்தோ நிரம்பி வழிந்தோ ஏற்படும் சேதமும் உண்டு. கட்டடத்துக்கும் உடைமைகளுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குப் பட்டியல் கொடுக்காமலே காப்பீடு கிடைக்கும். வீட்டின் மதிப்பைவிடக் குறைவான தொகைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லி இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுகிற பழைய வழக்கமும் இதில் இல்லை. வீட்டுக் கடன் வாங்கியபோது பேங்கில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவர்கள், அதோடு சேர்த்து எடுத்த பாலிசிக் காகிதத்தைத் தேடி எடுத்து உடைமைகளும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல வீடுகளில் கட்டடம் மட்டும்தான் இருக்கிறது.

செல்போன் சிக்னல் வந்ததும் நிறுவனத்துக்குப் போன் பண்ணி கிளைம் எண் வாங்கி, அதே விவரத்தை மெயிலிலும் அனுப்பினேன். உடனே தகவல் சொல்ல வேண்டும், சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளைக்குள் கிளைம் படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பில்கள்தான் தண்ணீரோடு போய்விட்டனவே என்று மலைக்க வேண்டாம். வாங்கிய கடையில் போன் நம்பரைச் சொன்னால் பழைய பில்லை மறுபடி எடுத்துத் தருகிறார்கள். தவணையில் வாங்கியதற்கு பேங்க் ஸ்டேட்மென்ட் போதும்.

சர்வேயர் பொறுமையானவர். ஒவ்வொரு பொருளையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். மேஸ்திரி எழுதித் தந்த எஸ்டிமேட்டை நீட்டினேன். சுவரில் எண்ணெய் ஊறிவிட்டதால் பெயின்ட் ஒட்டாது, கோடு வரைக்கும் பூச்சைக் கொத்திவிட்டுத் திரும்பப் பூசணும் என்று அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "மேடம், தண்ணிக்கு ஓகே. எண்ணெய்னா அது பொல்யூஷன் கணக்குல வருமே" என்றார். சொன்ன மாதிரியே நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது: மாசு பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது, ஆகவே பூச்சு வேலையும் துணிமணிகளும் சேராது.

அன்று இரவு நானும் என் கணவரும் பாலிசியை வரிவரியாகப் படித்தோம். மாசுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. காப்பீடு செய்த நிகழ்வு ஒன்றால் அந்த மாசு ஏற்பட்டிருந்தால் விலக்கு பொருந்தாது என்று அதே இடத்திலேயே எழுதியிருக்கிறது. வெள்ளம் காப்பீடு செய்த நிகழ்வு. எண்ணெய் எங்கள் வீட்டுக்குள் நடந்தா வந்தது? வெள்ளம் தூக்கிக்கொண்டு வந்து போட்டது. கடிதத்தில் வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெருவில் எத்தனை பேர் அந்தப் பாதியைப் படித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள்?

பதிலை ஒரு பக்கத்துக்குள் முடித்தேன். முழு விதியையும் அப்படியே எடுத்தெழுதி, எண்ணெய்க் கோடும் தண்ணீர் நின்ற உயரமும் ஒன்றுதான் என்பதற்கு டேப் வைத்து எடுத்த படத்தை இணைத்து, சர்வே அறிக்கையின் நகலையும் கேட்டு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் சர்வேயருக்கும் அனுப்பினேன். போனில் எதையும் பேசி முடிக்கவில்லை. அவர்கள் கூப்பிட்டாலும், "சார், மெயில்ல போட்டுடுங்க" என்று மட்டும் சொன்னேன். மறுபடி பார்த்துவிட்டுப் பூச்சு வேலையையும் துணிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். காயலான் கடையில் போட்டால் ஃபிரிட்ஜுக்கும் மெஷினுக்கும் என்ன கிடைக்குமோ அதைக் கழித்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவர்கள் மறுத்திருந்தால் அண்ணா சாலை, தேனாம்பேட்டையில் இருக்கிற இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கிற ஓம்பட்ஸ்மேனிடம் போகத் தயாராக இருந்தேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். மறுத்தாலோ, 30 நாளாகியும் பதில் வராவிட்டாலோ அங்கே போகலாம், ஆனால் ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.

பொருட்களுக்கான பணம் எங்கள் கணக்குக்கே வந்தது. கட்டடத்துக்கானது, வீடு அடமானத்தில் இருப்பதால், பேங்க் பேருக்குப் போனது. அதைக் கடனில் வரவு வைக்காமல் பழுது வேலைக்கு விடுவிக்கும்படி மேனேஜருக்கு மனு எழுதி, மேஸ்திரி பில்லை வைத்தபிறகு கொடுத்தார்கள். கடன் இருக்கிறவர்கள் இந்த மனுவைப் பணம் வருமுன்னே கொடுத்து வைப்பது நல்லது.

என் தங்கை தண்டையார்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறாள். சொந்த வீடு இருந்தால்தான் இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வாடகைக்கு இருப்பவர்கள் உடைமைகளுக்கு மட்டும் இதே பாலிசியை எடுக்கலாம். அவளையும் போன மாதம் எடுக்க வைத்தேன்.